பேப்பர் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலை பற்றியவை. சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த இதழ் முழுவதும் வேலை போனவர்களுக்கும், போய்விடுமோ என்று தூக்கம் கெட்டு இருப்பவர்களுக்கும்தான். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

கே: எச்.ஆர். மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா பண்ணிடுங்க. இல்லேன்னா டெர்மினேஷன்னு போடுவோம், அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் செக்ல மாட்டிக்குவீங்க" என்றார்கள். 11 வருட சர்வீஸ். சாயங்காலத்துக்குள் பேப்பர் போடணுமாம். போடலாமா? (சோழிங்கநல்லூர்)

ப: அந்த அறையில் உட்கார்ந்து போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அதற்கு மேல் அங்கே ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

ராஜினாமா என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், அது ஆட்குறைப்பு இல்லை, உங்கள் சொந்த விருப்பம். ஆட்குறைப்பு என்றால் கம்பெனிக்குக் கடமை இருக்கிறது. ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் சொன்னது இது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இதையே வைத்துக்கொண்டு, மறுபயிற்சி நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளத்தையும் சேர்த்திருக்கிறது. உங்கள் 11 வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம் வருகிறது. அதைத்தான் ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

"ஐ.டி.காரர் எப்படித் தொழிலாளி ஆவார்?" என்று கேட்பார்கள். விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பது பெரிதல்ல, நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மேனேஜர் என்று பெயர் இருந்தாலும் காலையிலிருந்து ராத்திரி வரை கோட் எழுதுகிறவருக்கு வாதாட இடம் உண்டு. நிஜமாகவே ஆள் எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள நோட்டீஸ் ஷரத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: "இன்று இத்தனை மணிக்கு என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று எச்.ஆருக்கு ஒரு மெயில். கோபம் வேண்டாம், மூன்று வரி போதும். லாகினை நிறுத்துவதற்குள் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதம், ஆஃபர் லெட்டர் எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். கம்பெனியின் கோட், கிளையன்ட் ஃபைல் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். தொட்டால் உங்களை வெளியே அனுப்ப நல்ல காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ தொழிற்சங்க வக்கீலிடமோ போங்கள். இதற்கெல்லாம் காலக்கெடு உண்டு, மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

பேக்ரவுண்ட் செக் என்று மிரட்டுகிறார்களே, ஆட்குறைப்பு ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்ததை ஊரே படித்தது. அடுத்த கம்பெனி எச்.ஆரும் படித்திருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். நல்ல தொகை கொடுத்து, ரிலீவிங் லெட்டரும் கொடுத்து, எல்லாவற்றையும் எழுத்தில் தந்தால் ராஜினாமா செய்வதும் ஒரு புத்திசாலித்தனமான பேரம்தான். வழக்கு என்றால் வருடங்கள் ஓடும். ஆனால் பேரம் பேச நாள் வேண்டும், சாயங்காலத்துக்குள் அது நடக்காது.

கே: வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பார்க்கிலும் நூலகத்திலும் உட்கார்ந்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்புகிறேன். எப்போது சொல்வது? (அம்பத்தூர்)

ப: இன்றைக்கு. பிள்ளைகள் தூங்கின பிறகு.

நீங்கள் வீட்டைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். ஆனால் வீட்டில் உங்கள் மனைவி பழைய வருமானத்துக்கே செலவு செய்துகொண்டிருக்கிறார். டியூஷன் ஃபீஸ் கட்டுகிறார், ஃபிரிட்ஜ் மாற்றலாமா என்று விசாரிக்கிறார். நீங்கள் வாயைத் திறக்காத ஒவ்வொரு வாரமும் சேமிப்பிலிருந்து போகிறது. உங்கள் சித்தப்பாவுக்கோ மச்சானுக்கோ தெரிந்த ஒரு வேலை காலியாக இருக்கலாம், நீங்கள் சும்மா இருப்பது தெரியாமல் அதை யாரோ ஒருவருக்குச் சொல்லிவிட்டிருப்பார்கள். ஒருநாள் அலுவலக நண்பர் வீட்டுக்கு போன் செய்வார், அப்போது வேலை போனதைவிட நீங்கள் மறைத்ததுதான் உங்கள் மனைவியின் மனதை அறுக்கும்.

சொல்லும்போது ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கையில் எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, மாதம் கட்டாயம் போவது எவ்வளவு என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். கணக்கு எழுத ஆரம்பித்ததும் பேச்சு தானாக அடுத்த வேலையைப் பற்றித் திரும்பிவிடும்.

கே: ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும் என்கிறார்களே? (ஓசூர்)

ப: ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையிலிருந்து நீக்கினாலும் ஆட்குறைப்பு செய்தாலும் ராஜினாமா என்றாலும் 2 வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தரச் சொல்கிறது. பணிக்கொடைக்கு 30 நாள். மெயிலில் கேளுங்கள், வாயால் கேட்டது கணக்கில் வராது.

கே: பனியன் கம்பெனியில் 6 வருசமா ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட்டுதான். அமெரிக்கா ஆர்டர் நின்னதுலருந்து வாரத்துல மூணு நாள்கூட வேலை இல்லைங்க. இப்ப "நீங்க வீட்ல இருங்க, ஆர்டர் வந்தா சொல்லி அனுப்பறோம்"ங்கறாங்க. எங்களுக்கெல்லாம் ஏதாச்சும் உண்டுங்களா? (திருப்பூர்)

ப: உண்டு தங்கச்சி. பலரும் கேட்காமலே விட்டுவிடுவதால் எழுதுகிறேன், பக்கத்து லைனில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டு.

2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமாக ஏறியது. அந்த வரியைப் போட்டவரையும் உனக்குத் தெரியாது, ஆர்டரை நிறுத்தியவரையும் தெரியாது. ஆனாலும் முதல் அடி உன் மெஷினில்தான் விழுந்திருக்கிறது. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

பீஸ் ரேட் என்பதால் நீ தொழிலாளி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. சம்பளம் கணக்குப் போடும் முறைதான் அது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையாக இருந்து, உன் பெயர் மஸ்டர் ரோலில் இருந்து, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஆர்டர் இல்லை என்று உட்காரவைக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி தரவேண்டும். அடியோடு நிறுத்தினால் மேலே சோழிங்கநல்லூர்காரருக்குச் சொன்ன அதே நோட்டீஸ், அதே வருடத்துக்கு 15 நாள் கணக்கு. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் பணிக்கொடையும் உண்டு.

கஷ்டம் எங்கே என்றால், பவர் டேபிள் யூனிட்டில் தைப்பவர்களுக்கும் கான்ட்ராக்டர் வழியாக வருபவர்களுக்கும் பெயர் எந்த ரோலிலும் இருக்காது. அதனால் அத்தாட்சிதான் முதல் வேலை. அடையாள அட்டை, கூலி எழுதின சிட்டை, வங்கியில் சம்பளம் ஏறின பக்கம், பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வை. போனில் படமும் எடுத்துக்கொள்.

ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. 2018 ஜூலையில் தொடங்கிய 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா'. வேலை போன தொழிலாளிக்குச் சராசரி தினக்கூலியில் 50 சதவீதம், 90 நாள் வரை கிடைக்கும், வாழ்நாளில் ஒரு தடவை. 500 ரூபாய் தினக்கூலி என்றால் 22,500 ரூபாய். குறைந்தது இரண்டு வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், வேலை போய் 30 நாள் ஆனதும் கேட்கலாம். இந்தத் திட்டத்தைக் காலம் நீட்டித்து நீட்டித்துத்தான் நடத்துகிறார்கள், ஆகவே கிளை அலுவலகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள். நீயாக விட்டுப் போனாய் என்று பதிவாகிவிட்டால் இது கிடைக்காது. அதனால் எந்த வெள்ளைத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

கே: பெண் பார்த்து நிச்சயம் பேசும் நேரத்தில் வேலை போய்விட்டது. பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா? (திருநெல்வேலி)

ப: சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடம் நீங்களே நேராக, தரகர் சொல்வதற்கு முன்பு.

கே: 20 வருடம் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. என்னைப் போய் நீக்கிவிட்டார்கள். நான் செய்த தப்பு என்ன? (மறைமலை நகர்)

ப: ஒன்றும் இல்லை ஐயா. உங்கள் ஊரையே பாருங்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, 2022 ஜூலையில் உங்கள் ஊர் ஆலையில் கடைசி கார் இறங்கியது. அந்த லைனில் போல்ட் முடுக்கியவர் எவரும் தப்பு செய்யவில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. அங்கே ஒரு காலத்தில் போன் செய்த பிள்ளைகளின் கை வேகத்தை உலகமே மெச்சியது. வரி வழக்கும், மைக்ரோசாஃப்டுக்கு நோக்கியாவின் போன் பிரிவு கைமாறியபோது இந்த ஆலை மட்டும் வெளியே நின்றதும்தான் அதை மூடின. 2008 செப்டம்பர் 15-ல் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவால் என்று மனு போட்டது, இங்கே கேம்பஸில் ஆர்டர் வாங்கிய பிள்ளைகள் சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

உங்களை மதிப்பிட்டு நீக்கவில்லை. ஒரு கணக்குப் பத்தியில் செலவைக் குறைத்தார்கள், அதில் உங்கள் எண் இருந்தது. கோபப்பட உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அந்தக் கோபத்தை உங்கள் மேலேயே திருப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அதே நோக்கியா வளாகத்தை இன்னொரு கம்பெனி வாங்கி, இன்று போன் சார்ஜர் செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி மறுபடி ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். கையில் தொழில் உள்ளவரைத் தேடி அந்த வட்டாரத்துக்கு வேலை திரும்பி வந்திருக்கிறது.

கே: 4 வருடம் 10 மாதத்தில் நீக்கிவிட்டார்கள். ஐந்து வருடம் ஆகவில்லை, பணிக்கொடை கிடையாது என்கிறார்கள். (கோயம்புத்தூர்)

ப: தமிழ்நாட்டில் இருப்பது உங்களுக்கு நல்லதாயிற்று. மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஐந்து வருடத் தொடர் பணிதான் என்று சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக நடக்கும் நிறுவனத்தில் 190 நாள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 30,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 வருடத்தால் பெருக்குங்கள். 86,538 ரூபாய் வருகிறது. பேசாமல் விடுகிற தொகையா இது? எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் தொழிலாளர் துறையின் பணிக்கொடை அதிகாரியிடம் மனுப் போடுங்கள்.

கே: பி.எஃப். மொத்தத்தையும் எடுத்து வீட்டுக் கடனைக் கொஞ்சம் அடைத்துவிடலாமா? (தாம்பரம்)

ப: வேண்டாம். இப்போது உங்களுக்கு வேண்டியது சாப்பாட்டுக்கும் ஃபீஸுக்கும் கையில் பணம். கடனில் போட்ட காசைத் திருப்பிக் கேட்க முடியாது. பி.எஃப்.புக்கு 2024-25-ல் 8.25 சதவீத வட்டி. 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவு, வேலை போனவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி ஒரு வருடம் கழித்து என்பது. எடுக்க முடிகிறது என்பதற்காக அத்தனையும் எடுக்காதீர்கள், மூன்று மாதச் செலவுக்கு மட்டும் எடுங்கள். பத்து வருடம் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர் என்றால் அந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம், பின்னால் மாதாமாதம் வரப்போகிற பணம் அது.

கே: வீட்டுக் கடன் தவணை 38,000. அடுத்த மாதம் பவுன்ஸ் ஆகிவிடும். வசூல் ஆள் வீட்டு வாசலில் வந்து நிற்பானோ என்று பயமாக இருக்கிறது. கிரெடிட் கார்டில் எடுத்துக் கட்டிவிடலாமா? (மதுரை)

ப: கார்டைத் தொடாதீர்கள். மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி அது, வருடத்துக்கு நாற்பதைத் தொடும். போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற ஆப்களின் பக்கமே போகாதீர்கள். உங்கள் போனில் உள்ள நம்பர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உங்கள் மாமனாருக்கே போன் போடுவார்கள்.

தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போங்கள். வேலை நீக்கக் கடிதத்தைக் காட்டி, தவணையைத் தள்ளிவைக்கவோ கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கவோ எழுதிக் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். தவறின பிறகு போகிறவரைவிட முன்னால் போகிறவருடன் மேனேஜர் நன்றாகவே பேசுவார். ஒரு தவணை தவறினால் வீட்டைப் பூட்டிவிட மாட்டார்கள். 90 நாள் பாக்கி நின்றால்தான் வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள், அதற்குப் பிறகும் 60 நாள் நோட்டீஸ் தந்தாக வேண்டும். அந்த அவகாசம் உங்களுடையது.

வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள், கேட்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு, 14448.

எதை நிறுத்துவது என்று அடுத்துக் கேட்பீர்கள். எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள், கார் இருந்தால் விற்றுவிடுங்கள். டெர்ம் இன்ஷூரன்ஸை மட்டும் நிறுத்தாதீர்கள். எடுத்துவிட்ட ஏலச்சீட்டை எப்பாடுபட்டாவது கட்டுங்கள், ஜாமீன் போட்டவர் உங்கள் சொந்தக்காரராகத்தான் இருப்பார். நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள். நகைக்கு வேண்டிய வேலை இதுதான். உங்கள் மனைவி ஒப்புக்கொண்ட பிறகு.

கே: கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸில்தான் அம்மாவுக்கு இதய சிகிச்சை நடக்கிறது. (திருச்சி)

ப: கடைசி வேலை நாளுக்கு முன்பே அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, குழு பாலிசியிலிருந்து தனி பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் இத்தனை வருடம் இருந்தது கணக்கில் வரும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இறங்கிவிட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பியுங்கள்.

கே: ஏழு மாத கர்ப்பம். "பிராஜெக்ட் முடிந்துவிட்டது" என்று நீக்குகிறார்கள். (பெருங்குடி)

ப: மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்தால் நீக்குவது சட்டவிரோதம். கர்ப்ப காலத்தில் நீக்கினாலும் 26 வார மகப்பேறு ஊதியத்துக்கு உங்களுக்கு உள்ள உரிமை போகாது. கர்ப்பத்தை மெயிலில் தெரிவித்த தேதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதே டாக்டர் சான்றோடு அனுப்புங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள் அம்மா, உடனே வக்கீலைப் பாருங்கள்.

கே: அப்பாவுக்கு 52 வயது. மில்லில் ஜாபர். மில்லை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் சாப்பிடத்தான் எழுந்திருக்கிறார். பேப்பர்கூடப் படிப்பதில்லை. அம்மா திட்டுகிறாள். நான் என்ன செய்ய? (பொள்ளாச்சி)

ப: கண்ணு, உன் கேள்வியைத்தான் பலமுறை படித்தேன்.

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு மில் ஊர். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அந்த மில் மூடி, ஊரே வேலை இழந்தது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசெல் என்று மூன்று இளம் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்ப் பார்த்ததை 1933-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். நேரம் நிறையக் கிடைத்ததால் மக்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட ஒளிந்திருந்து அளந்தார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அடுப்பும் பிள்ளைகளும் இருந்தன. ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நின்று நின்று போனார்கள். நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னால், எழுந்ததையும் சாப்பிட்டதையும் தவிர நடுவில் எழுத அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

உன் அப்பா சோம்பேறி ஆகிவிடவில்லை. இத்தனை வருடமாக மில் சங்கு அவர் நாளைப் பிரித்துக் கொடுத்தது. அது நின்றதும் நாளும் நின்றுவிட்டது. அம்மாவுக்கு முதலில் இதைச் சொல். திட்டினால் அவர் எழுந்திருக்க மாட்டார், இன்னும் உள்ளே போவார்.

"பால் வாங்கிட்டு வாங்க" என்பது அவருக்கு வேலை இல்லை. அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு வருகிறவர் வேண்டும். ரிங் ஃபிரேமை ஓட்டவைத்த கை அது. ஊரில் எத்தனை சின்ன யூனிட், எத்தனை தேங்காய் நார் ஃபேக்டரி மெஷின் நின்று கிடக்கிறது? தெரிந்த ஒருவரிடம் சொல்லி, "அண்ணே, இந்த மோட்டார் சத்தம் என்னன்னு வந்து பாருங்க" என்று நேரில் கூப்பிடச் சொல். தினமும் ஒரே நேரத்துக்கு வெளியே போகிற மாதிரி இருக்க வேண்டும், முதலில் கூலி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நீயும் சாயங்காலம் அவரோடு கொஞ்சம் நட. பத்து வருடம் பி.எஃப். ஓய்வூதியத்தில் இருந்திருந்தால் 50 வயதுக்குப் பிறகே குறைந்த ஓய்வூதியம் வாங்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் முன்னால் வாங்குகிறாரோ, வருடத்துக்கு 4 சதவீதம் நிரந்தரமாகக் குறையும். வேறு வழி இல்லை என்றால் மட்டும் அதை எடுக்கலாம்.

தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்காதே. டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104, இரண்டும் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவர் பேச மறுத்தால் நீயே கூப்பிட்டுக் கேள்.

கே: நான் வேலைக்குப் போகிறேன், கணவர் வீட்டில். அவர் சமைத்தால் மாமியார் அழுகிறார். (சேலம்)

ப: ருசி எப்படி என்று மாமியாரையே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கணவர் கரண்டியைக் கீழே வைக்க வேண்டாம்.

கே: மகன் டல்லாஸில் இருக்கிறான். வேலை போய்விட்டதாம். எச்-1பி. போன் செய்தால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறான். (கும்பகோணம்)

ப: அவனுக்கு இப்போது நாட்கள் எண்ணப்படுகின்றன அம்மா. வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள், ஐ-94 பதிவில் தங்க அனுமதித்த தேதி அதற்கு முன்னால் வந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு கம்பெனி அவனுக்காக மனுப் போட வேண்டும், அல்லது அவன் வேறு விசா நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். அதனால்தான் பேச்சு குறைந்திருக்கிறது, உங்கள் மேல் கோபம் இல்லை.

"என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்காதீர்கள். "இங்கே உன் அறை இருக்கு, எப்போ வேணும்னாலும் வா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: கம்பெனி இடையில் நீக்கினால் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவைத் தருவது அவர்கள் கடமை. டிக்கெட் போடுவதற்கு முன் குடியேற்ற வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக எச்-1பி மனுப் போட 1,00,000 டாலர் கட்டணம் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே இருந்தபடி மாறுவதும் இங்கே வந்து மறுபடி போவதும் இனி ஒன்றல்ல.

கே: டெலிகிராமில் தாய்லாந்து டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஒரு லட்சம், டிக்கெட் இலவசம். போகட்டுமா? (ராமநாதபுரம்)

ப: போகாதே தம்பி. பாங்காக்கில் இறக்கி, ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஊர் மக்களையே ஏமாற்றும் சைபர் மோசடியில் உட்காரவைக்கிறார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் அங்கிருந்து மீட்கப்பட்டு வந்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இ-மைகிரேட் தளத்தில் அவர் பெயர் இல்லை என்றால் அங்கேயே முடித்துக்கொள். முன்பணம் கொடுத்துவிட்டாயா? உடனே 1930.

கே: நூற்றுக்கணக்கில் அப்ளை செய்துவிட்டேன், பதிலே இல்லை. நண்பர்களுக்கும் வேலை தெரியவில்லை. (வேளச்சேரி)

ப: நெருங்கிய நண்பர்களை விடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரில் வேலை மாறியவர்களை விசாரித்தார். ஆள் சொல்லி வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவலைத் தந்தவர் எப்போதாவது பார்க்கிற அறிமுகம்தான் என்று கண்டு, 1973-ல் எழுதினார். பழைய டீம் லீட், காலேஜ் சீனியர், ஒரு தடவை சேர்ந்து வேலை பார்த்த கிளையன்ட், பக்கத்து அப்பார்ட்மென்ட் அண்ணன். அவர்களுக்கு இப்படி எழுதுங்கள்:

"அண்ணா, போன மாசம் எங்க பிராஜெக்ட் மூடிட்டாங்க, நானும் வெளியே. ஜாவா பேக்எண்டுல 6 வருஷம், பேங்கிங் டொமைன். உங்க கம்பெனியில இல்லேன்னாலும், யார்கிட்ட பேசலாம்னு ஒரு பேர் சொன்னா போதும். ரெஸ்யூம் கீழே."

அவரிடம் வேலை கேட்காதீர்கள், பெயர் கேளுங்கள். வேலை இல்லை என்று சொல்ல நேர்ந்தால் கூச்சத்தில் பதிலே போட மாட்டார். பெயர் சொல்வது அவருக்குச் சுலபம், சந்தோஷமும்கூட. வாரத்துக்குப் பத்துப் பேருக்கு எழுதுங்கள்.

கே: ஐந்து மாதம் கழித்து ஒரு ஆஃபர். பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். சேரலாமா, காத்திருக்கலாமா? (ஆவடி)

ப: கையிருப்பு இன்னும் எத்தனை மாதத்துக்கு வரும்? மூன்று மாதத்துக்குக் குறைவு என்றால் சேருங்கள். அதற்கு மேல் இருந்து, இன்னொரு இன்டர்வியூ இரண்டாவது ரவுண்டுக்கு வந்திருந்தால் ஒரு வாரம் டைம் கேளுங்கள், கொடுப்பார்கள். சேர்ந்தால் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பாண்ட் உண்டா என்று ஆர்டரில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூன்று மாத நோட்டீஸ் என்றால் ஒரு மாதமாகக் குறைக்கக் கேளுங்கள். சம்பளம் குறைவாகக் கொடுப்பவர் அதையாவது விட்டுக்கொடுக்கலாம். பி.எஃப்.புக்குப் பழைய யூ.ஏ.என். எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று திறக்க விடாதீர்கள்.